கார் பவர் விண்டோ கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் முதலில் காதில் விழும் தீர்ப்பு "மோட்டார் போயிடுச்சு" என்பதுதான். பல நேரம் மோட்டார் நன்றாகவே இருக்கும். சுவிட்சுக்குள் கரி பிடித்திருக்கும், கதவு மடிப்பில் ஒயர் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங் காய்ந்து இறுகியிருக்கும். ஒரு பாகத்தை வாங்குவதற்கு முன் பழுது எங்கே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் சுவிட்சிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் போகும் சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்களுக்குப் பொருந்தும். மாட்யூல் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) வைத்து ஓடும் புதிய கார்களில் வித்தியாசம் வரும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கதவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு 12 வோல்ட் மோட்டார். அது சுழல்வதை மேலும் கீழுமான அசைவாக மாற்றும் ரெகுலேட்டர். உதிரிபாகக் கடைகளில் பவர் விண்டோ மிஷின் என்று கேட்டால் மோட்டாரும் ரெகுலேட்டரும் சேர்ந்த தொகுப்பைத் தருவார்கள். கண்ணாடியின் இரு ஓரங்களும் ரப்பர் பீடிங்கில் ஓடுகின்றன.

மோட்டாருக்கு இரண்டே ஒயர்கள். சுவிட்சைத் தொடாதபோது இரண்டுமே எர்த்தில், அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்தில், இருக்கும். மேலே போக அழுத்தினால் ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே இருக்கும். கீழே அழுத்தினால் இது தலைகீழாகும். திசையை மாற்றுவது சுவிட்ச்தான், மோட்டாரில் மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்று எதுவும் தனியாக இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் கீழே வரும் பாதிச் சோதனைகள் தானாகப் புரிந்துவிடும்.

சுவிட்சை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. எஞ்சினை நிறுத்தி, பாட்டு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து, கதவில் காதை வைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். சுத்தமாகச் சத்தமே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை, அல்லது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. "டக்" என்று ஒரு சத்தம் வந்து நின்றால் மோட்டார் முயல்கிறது, ஏதோ பிடித்திருக்கிறது. மோட்டார் "ர்ர்ர்" என்று சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் ரெகுலேட்டர் உடைந்திருக்கிறது.

காது தெளிவாகச் சொல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. கேபின் லைட்டை எரியவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, அதாவது சுவிட்சும் ஒயரும் வேலை செய்கின்றன, சிக்கல் மோட்டாரிலோ கண்ணாடிப் பாதையிலோ இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் வழியில் எங்கோ துண்டிப்பு. எல்இடி விளக்கு மாட்டியிருந்தால் சில நேரம் மங்குவது தெரியாது. பழைய பல்பு உள்ள கார்களில் இது நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

நான்கு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. நான்கு மோட்டாரும் போயிருக்குமா?

போகாது. நான்குக்கும் பொதுவானது எது என்று தேடுங்கள்: பியூஸ், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), டிரைவர் கதவில் உள்ள மெயின் சுவிட்ச், அதற்கு வரும் எர்த். பியூஸில் தொடங்குங்கள், அதுதான் எளிது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்து சோம்பும், ஆனால் அப்போது ஸ்டார்ட் செய்வதிலும் தடுமாற்றம் இருக்கும்.

டிரைவர் கண்ணாடி மட்டும் வேலை செய்கிறது, மற்ற மூன்றும் அவரவர் சுவிட்சில் அசையவில்லை.

டிரைவர் கதவில் குறுக்குக்கோடு போட்ட கண்ணாடிப் படத்துடன் ஒரு பட்டன் இருக்கும். குழந்தைகள் விளையாடாமல் இருக்க மற்றக் கதவுகளின் சுவிட்சைப் பூட்டும் பட்டன் அது. கார் கழுவும்போதோ முழங்கை பட்டோ அழுந்தியிருக்கும். அதை விடுவித்துவிட்டுப் பாருங்கள்.

பியூஸ் போயிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டாஷ்போர்டுக்குக் கீழே அல்லது எஞ்சின் பக்கத்தில் உள்ள பியூஸ் பெட்டியின் மூடியிலேயே வரைபடம் இருக்கும். பவர் விண்டோவுக்குப் பெரும்பாலும் 20, 25 அல்லது 30 ஆம்பியர். பிளேடு பியூஸில் 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. வெளியே எடுத்து நடுவிலுள்ள கம்பி அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

புதியது போட்டதும் உடனே மறுபடி எரிந்தால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. அப்போது 20 இருந்த இடத்தில் 30 போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் தீ விபத்துக்கு வழி. பியூஸ் எரியாமல் இருந்தால் அடுத்து எரிவது கதவுக்குள் போகும் ஒயர்தான். இதில் சமரசமே கூடாது.

இடது பின் கதவு அதன் சுவிட்சில் வேலை செய்யவில்லை. டிரைவர் சுவிட்சிலிருந்து மட்டும் ஏறி இறங்குகிறது. எது பழுது?

அந்தக் கதவின் சுவிட்ச், அல்லது அதற்கு வரும் 12 வோல்ட் ஒயர். மோட்டாரைத் தொடவே வேண்டாம், அது நன்றாக இருக்கிறது என்பதை டிரைவர் சுவிட்ச் நிரூபித்துவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் வரும். அதன் சுவிட்சில் வேலை செய்கிறது, டிரைவர் சுவிட்சில் செய்யவில்லை. அப்போது மெயின் சுவிட்சையோ இரண்டுக்கும் இடையிலான ஒயரையோ சந்தேகிக்க வேண்டும்.

பலரைக் குழப்புவது மூன்றாவது நிலை: இரண்டிலுமே அசைவில்லை. உடனே மோட்டார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் பல கார்களில் பயணி கதவு மோட்டாருக்கான எர்த், அந்தக் கதவின் சுவிட்ச் வழியாக வந்து டிரைவர் பக்க மெயின் சுவிட்சுக்குள் போய்த்தான் முடிகிறது. மெயின் சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் செம்புத் துண்டில் (காண்டாக்ட்) கரி பிடித்தால், பின் கதவில் உட்கார்ந்திருப்பவர் தன் சுவிட்சை எவ்வளவு அழுத்தினாலும் சுற்று முழுமை அடையாது. அதனால் சந்தேகப்பட்ட கதவிலேயே நின்றுவிடாமல் டிரைவர் கதவையும் பார்க்க வேண்டும். அதில் உள்ள மெயின் சுவிட்ச்தான் காரிலேயே அதிகம் பயன்படுவது. டோல்கேட்டில், வாட்ச்மேனிடம் பேச, மழைக்கு மூட என்று தினமும் அதைத்தான் அழுத்துகிறோம். டீயும் தண்ணீரும் சிந்துவதும் அதன் மேல்தான்.

பல கார்களில் பின் இரண்டு கதவுகளின் சுவிட்சும் ஒரே மாதிரி இருக்கும். வலது பக்கத்ததைக் கழற்றி இடது பக்கம் மாட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத, சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை இது.

கண்ணாடி இறங்குகிறது, ஏற மட்டும் மறுக்கிறது. ஏன்?

இரண்டு விதமாக இருக்கலாம், சத்தம்தான் பிரித்துக்காட்டும். ஏற அழுத்தும்போது முழு அமைதி என்றால் சுவிட்சின் அந்தப் பக்கக் காண்டாக்ட் எரிந்திருக்கிறது. மோட்டார் ஒரு திசையில் ஓடினாலே அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஏற அழுத்தும்போது முனகல் கேட்டு, கண்ணாடி ஓரிரு அங்குலம் ஏறி நின்றால், ஏற்றத்துக்குத் தேவையான பலம் போதவில்லை. இறங்கும்போது கண்ணாடியின் எடையே உதவும், ஏறும்போது அந்த எடையையும் பீடிங்கின் பிடியையும் சேர்த்து இழுக்க வேண்டும். பீடிங் இறுகியிருக்கலாம், ஒயரில் வோல்டேஜ் குறையலாம், மோட்டார் களைத்திருக்கலாம். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எரிந்த சுவிட்சைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?

கழற்ற முடிகிற சுவிட்ச் என்றால் முயலலாம். உள்ளே செம்புக் காண்டாக்டுகள் கறுத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் மறுபடி வேலை செய்யும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுத்தம் செய்வது வீண், புதிது போட்டுவிடுங்கள். உருகியிருக்கிறது என்றால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்திருக்கிறது என்றும் அர்த்தம். கண்ணாடியின் இறுக்கத்தைச் சரிசெய்யாமல் சுவிட்ச் மட்டும் மாற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

கதவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திறந்து வைத்தால் வேலை செய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது.

இது ஒயர். கதவுக்கும் தூணுக்கும் நடுவே கறுப்பு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள் ஒயர்கள் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கியதில் உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல் உறை முழுதாகவே தெரியும். அதிகம் திறக்கப்படும் டிரைவர் கதவில்தான் இது பெரும்பாலும் வரும். அதே கதவில் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது, சென்ட்ரல் லாக் சண்டித்தனம் செய்கிறது என்றால் கிட்டத்தட்ட உறுதி.

ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்தது மட்டும் ரப்பர் பேண்ட் போல நீளும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் சில வாரங்களில் மறுபடி அறுந்துவிடும், ஏனென்றால் மடங்குகிற இடத்தில் இணைப்பு கட்டியாகிவிடுகிறது. மடிப்பின் இருபுறமும் தள்ளிப்போய், நடுவே புதிய மெல்லிழை ஒயர் வைத்து, சால்டர் செய்து, சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். மெக்கானிக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் எடுப்பார், ஆனால் அதுதான் முறையான வேலை.

கதவின் உள்பக்க அட்டையை நானே கழற்றலாமா?

கழற்றலாம், பொறுமை இருந்தால். கைப்பிடிக் குழிக்குள்ளும், உள் லாக் கைப்பிடிக்குப் பின்னாலும், சின்ன மூடிகளுக்கு அடியிலும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்தபின், அந்த அட்டையை (டோர் பேட்) ஓரங்களில் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கினால் கிளிப்கள் ஒவ்வொன்றாக விடுபடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். பழைய காரில் சில கிளிப் உடையத்தான் செய்யும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர்களைப் பூட்டை அழுத்திப் பிரியுங்கள், இழுக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள் இருக்கும். அதனால் பேட்டரி எர்த்தைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சோதனைக்காகப் பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது, சென்சார் கப்ளர் பிரிந்திருந்தால் சாவியை ஆன் செய்யாதீர்கள். அடுத்தது, பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட். அதைக் குப்பை என்று கிழித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். ஐப்பசி மழையில் காலடிக் கார்ப்பெட் ஊறி நாறினால், சமீபத்தில் கதவைக் கழற்றியவர் அதை ஒட்டாமல் விட்டாரா என்று பாருங்கள்.

சரி, பேடைக் கழற்றிவிட்டேன். மோட்டாரா, சுவிட்சா என்று எப்படி முடிவு செய்வது?

மோட்டார் கப்ளரைப் பிரித்து, ஒயர் பக்கத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். மேலே அழுத்தினால் 12 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும், கீழே அழுத்தினால் அதே அளவு மைனஸில். இரண்டும் வந்தால் சுவிட்சும் அதிலிருந்து வரும் ஒயரும் சரி. வராவிட்டால் பின்னோக்கிப் போங்கள்: கதவு மடிப்பு, சுவிட்ச், பியூஸ்.

ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். செம்பில் பச்சை பூத்த ஒயரிலும், ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் ஒயரிலும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. மோட்டார் பல ஆம்பியர் கேட்கும், அப்போது அந்த ஒயர் கைவிரித்துவிடும். அதனால் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை அந்த இரு முனைகளிலும் மாட்டுங்கள். பிரகாசமாக எரிந்தால் ஒயர் பலமாக இருக்கிறது. மங்கலாக எரிந்தால் எங்கோ தடை. மீட்டர் சரி என்று சொல்லி, பல்பு மங்கலாக எரிந்தால் பல்பையே நம்புங்கள்.

மோட்டாரில் இரண்டுக்கு மேல் ஒயர் இருந்து, சின்ன மின்னணுப் பெட்டியும் சேர்ந்திருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அந்த வகைக்கு, காரின் மின்னணுக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போவது நல்லது.

மோட்டாருக்கு நேராகப் பேட்டரி கொடுத்துப் பார்க்கலாமா?

இரண்டு ஒயர் மோட்டார் என்றால் தாராளமாக. நடுவில் 20 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும். கண்ணாடியும் ரெகுலேட்டரும் நகரும் இடத்தில் விரல் இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்த நிலையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கண்ணாடி உச்சியைத் தொட்டதும் உடனே எடுத்துவிடுங்கள்.

மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

தட்டினால் ஓடுவது கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கான அடையாளம். இன்று கண்ணாடியை மேலே ஏற்றிக்கொள்ளத் தட்டலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: குழந்தைகள் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். உள்ளே வெப்பப் பாதுகாப்பு இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். சாதாரணப் பயன்பாட்டிலேயே இப்படி அடிக்கடி நின்றால் ஏதோ இறுக்கம் இருக்கிறது.

கடகடவென்று சத்தம் வருகிறது, கண்ணாடி சாய்ந்து கதவுக்குள் விழுந்துவிட்டது.

ரெகுலேட்டர் உடைந்துவிட்டது. கேபிளால் கண்ணாடியை இழுக்கும் வகையில் கம்பி பிரிந்து சுருளில் சிக்கியிருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு வெடித்திருக்கும். சுவிட்சை அழுத்துவதை உடனே நிறுத்துங்கள், பிரிந்த கம்பி மோட்டாரின் பல்லையும் தின்றுவிடும். கேபிள் பழுது பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. முழு ரெகுலேட்டர் மாற்றுவதே நீண்ட நாள் உழைக்கும். மோட்டார் நன்றாக இருந்தால் அதையே புதிய ரெகுலேட்டரில் மாட்டலாம். கடைக்காரர் தொகுப்பாகத்தான் வரும் என்றால் இன்னொரு கடையிலும் கேளுங்கள்.

கத்தரிக்கோல் போல மடங்கும் கைகள் உள்ள வகையில் ஆபத்து ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் பலமான சுருள்வில் இருக்கும். பற்சக்கரத்தைப் பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் அந்தக் கை சடாரென்று விசிறும். எலும்பு முறியும் அளவுக்கு வேகம். பற்சக்கரத்துக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு போல்ட் அல்லது கிளாம்ப் போட்டுப் பூட்டிய பிறகே மோட்டாரில் கை வையுங்கள். இந்த வேலை பழகாதவர் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

இரவு, மழை, கண்ணாடி கீழே நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுவிட்சை ஏற்றத்தில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் கண்ணாடியை உள்ளும் புறமும் உள்ளங்கையால் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். களைத்த மோட்டாரும் இறுகிய பீடிங்கும் பெரும்பாலும் இதற்கு இணங்கிவிடும். உச்சியை நெருங்கும்போது கையை எடுத்துவிடுங்கள். சுவிட்ச் உயிரோடு இல்லை என்றால், கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே அழுத்திப் பார்க்கலாம்.

ரெகுலேட்டர் உடைந்திருந்தால் கண்ணாடி கையோடு வரும், நிற்காது. மேலே பிடித்து, மேல் விளிம்பைச் சுற்றி உள்ளும் புறமும் அகலமான டேப் ஒட்டுங்கள். மறுநாள் வெயிலுக்கு முன் எடுத்துவிட்டால் பெயின்டில் பசை ஒட்டாது. கண்ணாடி கதவுக்குள்ளேயே போய்விட்டது என்றால் கனமான பாலிதீன் ஷீட்டைக் கதவின் மேல் போட்டு, கதவை மூடி நெருக்கிவிடுங்கள். அதோடு ஓட்டாதீர்கள், பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டு மிரர் மறையும்.

கண்ணாடி மிக மெதுவாக ஏறுகிறது. மோட்டார் மாற்ற வேண்டுமா?

முதலில் பீடிங். எதிர்ப்பக்கக் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் பாருங்கள். ஒரு கதவு மட்டும் மெதுவாக இருந்தால், கண்ணாடியை இறக்கிவிட்டு, பீடிங் பள்ளத்தை ஈரத்துணி சுற்றிய மெல்லிய பட்டையால் துடையுங்கள். நம் ஊர்ப் புழுதி அங்கே சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, பலமுறை ஏற்றி இறக்குங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே தீரும் என்பது என் அனுபவம். மோட்டார் விலை எவ்வளவு என்று விசாரிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் பீடிங்கில் வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும், புழுதியும் ஒட்டும். கிரீஸ் போடும் இடம் உள்ளேயுள்ள உலோகத் தண்டவாளம் மட்டும்.

கண்ணாடியில் பழைய சன் பிலிம் இருந்தால் அதன் ஓரத்தையும் பாருங்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமுக்குத் தடை போட்டபோது அவசரமாக உரித்த கார்களில் பசை மிச்சம் இருக்கும். அது பீடிங்கோடு ஒட்டிப் பிடித்து இழுக்கும்.

மேலே போய்த் தொட்டதும் கண்ணாடி தானே இறங்கிவிடுகிறது.

கை மாட்டினால் நசுக்காமல் திரும்பி இறங்கும் பாதுகாப்பு அது. பீடிங் இறுகினாலும் கை மாட்டியதாக நினைத்துக்கொள்ளும், எனவே மேலே சொன்ன சுத்தம் முதலில். பேட்டரி மாற்றிய பிறகு தொடங்கியது என்றால், கண்ணாடி தன் உச்சி எது என்பதை மறந்துவிட்டது. பல கார்களில் வழி இதுதான்: முழுதாக இறக்கி, ஏற்றும் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்து, உச்சியைத் தொட்ட பிறகும் சில விநாடி பிடித்திருக்க வேண்டும். உங்கள் காருக்கான சரியான முறை உரிமையாளர் கையேட்டில் இருக்கும். இதைச் செய்து முடிக்கும்வரை அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருக்கலாம், குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

கார் வெள்ளத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பின் கண்ணாடி வேலை செய்யவில்லை.

கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும், தண்ணீர் வெளியேற. சேறு அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், மோட்டார் அதில் ஊறும். துளைகளைக் குத்திவிட்டு, பேடைக் கழற்றி, கப்ளர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவிக் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். ஈரத்தோடு சுவிட்சை அழுத்திப் பார்ப்பதுதான் சுவிட்சைக் கொல்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். அப்படி நின்ற காரை இரண்டாம் கையில் வாங்கினால், நான்கு சுவிட்சையும் அழுத்திப் பார்ப்பதோடு நிற்காமல் ஒரு கப்ளரையாவது பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று. தண்ணீரில் கார் மூழ்கத் தொடங்கினால் முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்குங்கள். பவர் விண்டோ சிறிது நேரம் வேலை செய்யக்கூடும், ஆனால் தண்ணீர் கண்ணாடியை எட்டிவிட்டால் அழுத்தமே அதை நகரவிடாது. சீட் பெல்ட்டை விடுவித்து, ஜன்னல் வழியே வெளியேறுங்கள். உள்ளே கைக்கு எட்டும் இடத்தில் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கட்டும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடியில் அடித்துப் பயனில்லை, அது இரண்டு அடுக்கு, உடைந்தாலும் விலகாது. சில உயர்ரகக் கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான் என்பதால் உங்களுடையது எது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பின் கண்ணாடிகளைப் பூட்டும் பட்டன் எப்போதும் அழுத்தியபடி இருக்கட்டும். இறங்கும்போது சாவி உங்களோடு வரட்டும். சில கார்களில் சாவியை அணைத்த பிறகும், கதவைத் திறக்கும் வரை, கண்ணாடிக்கு மின்சாரம் இருக்கும். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தானாகத் திரும்பி இறங்கும் வசதி எல்லாக் காரிலும் இல்லை, இருக்கும் காரிலும் டிரைவர் கண்ணாடிக்கு மட்டும் இருக்கலாம்.

கையால் சுற்றும் பழைய காரில் பவர் விண்டோ போட்டேன், அடிக்கடி நிற்கிறது.

மின்சாரம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். சிகரெட் லைட்டர் அல்லது ஸ்டீரியோ ஒயரிலிருந்து இழுத்திருந்தால் அதுவே காரணம், அந்த ஒயர் இவ்வளவு சுமைக்கானது அல்ல. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ், சாவியால் இயங்கும் ரிலே. இந்த மூன்றும் இல்லாமல் போட்ட வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

பாகம் வாங்கும்போது புதிதா, பழையதா?

சுவிட்சும் பீடிங்கும் புதிதாகவே வாங்குங்கள். பழைய பீடிங் உங்கள் காரில் இருப்பதைப் போலவே காய்ந்ததாகத்தான் இருக்கும். மோட்டார் மட்டும் என்றால் சென்னையில் புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் நல்ல பழையது கிடைக்கும், ஆனால் கடையிலேயே பேட்டரி கொடுத்து இரு திசையிலும் ஓடவிட்டுப் பாருங்கள். புதிய பாகத்துக்குச் சென்னையிலேயே ஜி.பி. ரோடு (ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு) கடைகள் உண்டு. எங்கே வாங்கினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். முன், பின், இடது, வலது மோட்டாரும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் வேறு வேறு, கப்ளரின் பின் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும்.

மெக்கானிக்கிடம் விட்டால், மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எந்தச் சோதனையில் அது பழுது என்று தெரிந்தது என்றும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் காட்டிவிட்டே மாற்றுவார்.

எல்லாம் மாட்டியாயிற்று. பேடை மூடலாமா?

பொறுங்கள். பேட்டரியையும் பிரித்த கப்ளர்களையும் மாட்டி, சுவிட்சையும் இணைத்து, கண்ணாடியை முழுதாக ஏற்றி இறக்குங்கள். உச்சியில் பீடிங்குக்குள் இரு மூலைகளும் சமமாக நுழைகின்றனவா? ஒரு பக்கம் முந்தினால் ரெகுலேட்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியை உச்சியில் வைத்தபடி இறுக்குங்கள். உள்ளே ஒயர் எதுவும் கண்ணாடிப் பாதையில் தொங்கக் கூடாது. பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிலும் விரலால் அழுத்தி ஒட்டுங்கள், கீழ் ஓரத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. லாக், உள் கைப்பிடி, ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவைத் திறந்த நிலையில் ஒருமுறை, மூடிய நிலையில் ஒருமுறை கண்ணாடியை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கிளிப்களை அழுத்தலாம்.